பலன் தந்தது, தொடர்க

எங்கள் ஊரில் ஒரு வருடம் தானாக முடிவதில்லை. அலுவலகம் முடித்துக் கொடுத்தால்தான் முடியும்.

அந்த அலுவலகத்தின் முழுப் பெயர் 'கடந்த ஆண்டு மீள்நோக்கு மற்றும் வரும் ஆண்டு நோக்கமைப்பு அலுவலகம்'. பெயர்ப்பலகை எழுதியவருக்கு இடம் போதாமல், கடைசி ஐந்து எழுத்துகளைப் பக்கத்துச் சுவரில் எழுதியிருக்கிறார். மக்கள் 'திரும்பிப் பார்க்கிற ஆபீஸ்' என்று சொல்வார்கள். பன்னிரண்டாம் மாதம் முழுக்க அங்கே கூட்டம் நெரியும். இந்த வருடம் என்ன செய்தோம், அதில் என்ன கற்றோம், அடுத்த வருடத்தை எந்த நோக்கத்தோடு வாழப்போகிறோம் என்றெல்லாம் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கி வர வேண்டும். அந்தக் காகிதத்துக்கு நோக்கச் சான்று என்று பெயர். அது இல்லாதவர்கள் இன்னும் போன வருடத்திலேயே இருப்பதாக அலுவலகம் கருதும்.

முன்பெல்லாம் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது இருந்தது. அவர்களுக்குத்தான் திரும்பிப் பார்க்க நேரம் இருந்தது. இந்த முறை எல்லோருக்கும் என்று ஆக்கிவிட்டார்கள்.

அம்மா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். தற்காலிகமானவர்களுக்குக் காலை பத்திலிருந்து மாலை ஏழு வரை வேலை. நிரந்தரமானவர்களுக்கு விடியற்காலை ஐந்திலிருந்து பகல் ஒன்று வரை. எங்கள் வீட்டில் எல்லாம் இந்தப் பகல் ஒரு மணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். ஐந்தாம் மாதம் ஒரு காலையில் அவர் எழுந்தபோது அவருடைய வலது பக்கம் எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் யாராவது என்றால் அம்மா, அவளை விட்டால் நான். ஆறாம் மாதம் அம்மா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள்.

"இந்த வருஷம் முடியற வரைக்கும்தான்டி" என்றாள். "பெர்மனென்ட் ஆயிட்டா காலை ஷிப்ட். ஒரு மணிக்கு நான் வீட்டுக்கு வந்துடுவேன். ஒன்றரைக்கு மதிய வகுப்பு. நீ பாட்டுக்குப் போகலாம்."

பள்ளியில் மதிய வகுப்பு உண்டு. புது வருடத்தின் பத்தாம் தேதி வரைக்கும் விட்டுப்போனவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். நான் அந்தத் தேதியை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எந்நேரமும் எனக்கு அது தெரிந்தே இருந்தது.

பன்னிரண்டாம் மாதம் முதல் வாரத்தில் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் ஒரு சுற்றறிக்கையைப் படித்தார். நிரந்தரமாக்கப்போகும் பட்டியலில் இருப்பவர்கள், அதாவது அம்மாவும், நோக்கச் சான்று கொண்டுவர வேண்டும். அதற்குப் பயிற்சியாக, அன்று முதல் ஒவ்வொரு வேலையையும் அதன் நோக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. அப்பாவைத் திருப்பிவிட்டு அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது நானே பார்த்தேன். துணிக்குக் கஞ்சி போடும் அக்காவை மேற்பார்வையாளர் நிறுத்தி வைத்திருந்தார். அவளை எல்லோரும் கஞ்சி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன நோக்கத்தோட இந்த விரிப்பை எடுக்கறீங்க?"

"கஞ்சி போடற நோக்கத்தோடதான் சார். பின்ன, கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்கா போகப்போறேன்?"

"ஆழம் பத்தல. உள்ளேர்ந்து சொல்லுங்க."

"உள்ளேர்ந்து சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க சார்."

துணி மலை மாதிரி குவிந்தது. அறுவை அறையிலிருந்து விரிப்பு கேட்டு மூன்று முறை போன் வந்தது. மூன்றாம் முறை மேற்பார்வையாளர், "எந்த நோக்கத்துக்காகக் கேக்கறீங்க?" என்றார். மறுமுனையில் யாரோ நோக்கத்தைச் சொன்னார்கள். அதை மட்டும் அவர் ஏட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

படிவம் இருபத்து நான்கு பக்கம். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்குமேல் எழுதுவது என் வேலை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதினோம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"'இந்த ஆண்டில் உங்களுடைய மூன்று பெரிய வெற்றிகள் யாவை?'" என்று படித்தேன்.

"இஸ்திரி மெஷின் ரோலர்ல யாருக்கும் கை மாட்டல."

"அது சலவைக்கூடத்தோட வெற்றிம்மா. உன்னோடதைக் கேக்கறாங்க."

"மாட்டாத கையில என்னோடதும் இருக்குல்ல?"

எழுதினேன். "ரெண்டாவது?"

"அப்பா முதுகுல புண் வரல."

எழுதினேன். அது யாருடைய வெற்றி என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கேட்கவில்லை.

"மூணாவது?"

அம்மா இரண்டு வெங்காயம் உரிக்கும் நேரம் யோசித்தாள். "ரெண்டே போதும்னு எழுதிடு."

கேள்விகள் போகப் போக வளர்ந்தன. உங்கள் ஆண்டை ஒரு நிலப்பரப்பாக வரைக. அம்மா ஒரு கோடு போடச் சொன்னாள். இந்த முனையில் வீடு, அந்த முனையில் ஆஸ்பத்திரி. உங்களுக்கு ஆற்றல் தந்த மனிதர்கள் யார், உங்கள் ஆற்றலை உறிஞ்சிய மனிதர்கள் யார், இரண்டாம் வகையினரைக் குறைத்துக்கொள்ள உங்கள் திட்டம் என்ன?

"ரெண்டாவதுல மேற்பார்வையாளர்னு எழுதவாம்மா?"

"அவர்தான்டி இதுல கையெழுத்துப் போடணும். முதல் வகையில எழுது."

பதினேழாம் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 'இந்த ஆண்டில் நீங்கள் விட்டுவிட்ட ஒன்று எது?' அதற்குக் கீழே பக்கம் முழுக்க வெறும் கோடுகள்.

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கப் போனாள். அதற்கு இன்னும் நேரம் ஆகவில்லை. அரை மணிக்கு முன்புதான் நான் திருப்பியிருந்தேன். அப்பா பழைய பக்கத்துக்கே வந்தார்.

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள். "எழுது. ஆறாம் மாசம் பொண்ணை ஸ்கூல்லேர்ந்து நிறுத்தினேன்."

எழுதினேன். மீதிக் கோடுகள் காலியாகவே இருந்தன.

அம்மா அந்தப் பக்கத்தின் மேல்முனையை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தினாள். அது சலவைக்கூட வழக்கம். கறை போகாத விரிப்பின் ஒரு முனையில் முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள். முடிச்சைப் பார்த்தால் அடுத்த ஆள் அதைச் சுத்தமானவற்றோடு அடுக்காமல் திரும்ப ஊற வைப்பார். யார் போட்ட முடிச்சு, எதற்குப் போட்டது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கறை போகிறவரை அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

"காகிதத்துல முடிச்சுப் போட முடியாது, அதான் மடிச்சேன்" என்றாள். "பாக்கறவங்களுக்குப் புரியும். இதைத் தனியா எடுத்துச் சரிபண்ணணும்னு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அலுவலகத்துக்குப் போன நாளில் கஞ்சி அக்கா லீவு போட்டுவிட்டு அப்பாவோடு இருந்தாள். "போய் நல்லாத் திரும்பிப் பாத்துட்டு வாங்க. கழுத்து சுளுக்கிக்கப்போவுது" என்று வழியனுப்பினாள்.

'கடந்த ஆண்டு' பிரிவில் நாற்காலிகளை அலுவலருக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தார்கள். போன காலம் பின்னால் இருப்பது என்பதால் அப்படி. உட்கார்ந்தவர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே பதில் சொல்ல வேண்டும். தப்பித் தவறித் தலையைத் திருப்பி அலுவலரைப் பார்த்துவிட்டால், எதிர்காலத்துக்கு அவசரப்படுகிறார் என்று குறித்துக்கொள்வார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஆண்டு எங்கேர்ந்து கிளம்பி எங்கே வந்து சேந்திருக்கீங்க?" என்று அலுவலர் அவருடைய முதுகைக் கேட்டார்.

"டிப்போலேர்ந்து கிளம்பி டிப்போக்கு வந்து சேந்திருக்கேன் சார்."

"நடுவுல வளர்ச்சி?"

"நடுவுல ரெண்டு ஸ்டாப் புதுசா சேத்திருக்காங்க."

அவரை மௌன அறைக்கு அனுப்பினார்கள்.

அம்மா உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். துணைக்கு வந்தவர்கள் எந்தப் பக்கம் பார்க்கலாம் என்று விதி எதுவும் இல்லை. அதனால் எனக்கு அலுவலரின் முகம் தெரிந்தது.

"மூணாம் மாசம் காலியா இருக்கே?"

"ஒண்ணும் நடக்கலீங்க."

"ஒண்ணும் நடக்காம ஒரு மாசம் எப்படிம்மா போகும்?"

"நல்லபடியாப் போச்சுங்க."

அலுவலர் பேனாவை வைத்தார். "இங்க பாருங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அனுபவம் இல்லாத மாசத்தை நாங்க ஏத்துக்க முடியாது. பதினோரு மாசத்தைக் கொண்டுவந்து குடுத்துட்டு வருஷம்னு சான்று கேட்டா எப்படி? மத்தவங்க எல்லாம் பன்னெண்டு குடுத்திருக்காங்கல்ல?"

"ஆமாங்க" என்று அம்மா சுவரிடம் சொன்னாள்.

எங்களையும் மௌன அறைக்கு அனுப்பினார்கள். உள்ளே பாய்களில் இருபது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பஸ் டிரைவர் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். அறையின் பொறுப்பாளர் அவர் மூச்சைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, 'ஆழ்ந்த நிலை' என்று எழுதிக்கொண்டார். அவருக்கு மட்டும் அன்றைக்கே முத்திரை கிடைத்தது. அம்மாவால் கண்ணை மூட முடியவில்லை. சன்னல் திரையில் ஒரு கசங்கல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி சுவருக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள். "மூணாம் மாசம் ஒருநாள் மழையில நனைஞ்சேன்."

"எதுக்காக?"

"பஸ் வரல."

"பாத்தீங்களா! யோசிச்சா வருது." 'இயற்கையோடு ஒன்றினார்' என்று அவர் எழுதினார்.

பிறகு பக்கங்களை அடுக்கத் தொடங்கியவர், பதினேழாம் பக்கத்தில் நிறுத்தினார். "இதை மடிச்சிருக்கீங்களே?"

"அது தனியாப் பாக்க வேண்டியதுங்க."

"ஓ!" அவர் குரலில் திடீரென்று ஒரு மரியாதை வந்தது. "பாத்துடலாம்மா. கண்டிப்பாப் பாத்துடலாம்."

அந்தப் பக்கத்தை உருவி, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். கட்டின் மேலே 'முதன்மைச் சாதனை' என்று ஒரு சிவப்பு அட்டை இருந்தது. அதற்குள் செருகினார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். தெரியாதவர்கள் முன்னால் எனக்குக் குரல் வராது. அன்றும் வரவில்லை.

'வரும் ஆண்டு' பிரிவில் நாற்காலி நேராக இருந்தது. அங்கே ஒரு பெண் அலுவலர். புது வருடத்தை வழிநடத்த ஆளுக்கு ஒரு சொல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"தூக்கம்" என்றாள் அம்மா, யோசிக்காமல்.

"அது நோக்கம் இல்லைங்க. உடம்போட தேவை."

"அதுதாங்க வேணும்."

"பட்டியல்ல இருக்கறதுதான் தர முடியும். 'மலர்ச்சி' காலையிலேயே தீந்துபோச்சு. 'துணிவு' கடைசி ஒண்ணு இருந்துச்சு, ஒரு வங்கி மேனேஜர் வாங்கிட்டுப் போயிட்டாரு. 'தெளிவு' மேலதிகாரிகளுக்கு ஒதுக்கீடு."

"அப்ப என்னதாங்க இருக்கு?"

"'பொறுமை' இருக்கு. 'பொறுமை' எவ்வளவு வேணும்னாலும் இருக்கு."

எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அன்று பொறுமைதான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

"சரி, புது வருஷத்துல என்ன செய்யப்போறீங்க?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். "பொண்ணை மறுபடி ஸ்கூல்ல சேக்கணும்."

"அது உங்க பொண்ணோட நோக்கம். உங்களோடது?"

"அதாங்க என்னோடதும்."

பெண் அலுவலர் கனிவாகச் சிரித்தார். "நம்ம பொம்பளைங்க எல்லாரும் இந்த ஒரு தப்பைத்தான் பண்றோம். அடுத்தவங்களை வெச்சே நம்ம வாழ்க்கையைத் திட்டம் போடறோம். நான்கூட அப்படித்தான் இருந்தேன். இங்க வேலைக்கு வந்த அப்புறம் வீட்ல யாரு சாப்பிட்டாங்க, யாரு சாப்பிடலன்னுகூடக் கேக்கறதில்ல. எவ்வளவு நிம்மதி தெரியுமா?" அம்மாவின் திட்டத்தில் 'தன்னை அறிதல்' என்று எழுதினார். "பொண்ணு விஷயம் போன ஆண்டுக் கட்டுல இருக்குல்ல? அங்க முடிவு பண்ணுவாங்க."

சான்று கொடுப்பதற்கு வருடத்தின் கடைசி நாளன்று ஒரு பகிர்வரங்கம் வைத்தார்கள். நேரில் வந்து வாங்கினால்தான் செல்லும். மண்டபம் நிறைந்துவிட்டது. அலுவலகத்தின் இயக்குநர் பேசினார். நல்ல உயரம், நல்ல குரல். கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"அன்பு நெஞ்சங்களே! போன ஆண்டு இதே நாள்ல நான் திரும்பிப் பாத்தேன். என்ன கண்டேன்? என் நேரம் முழுக்கப் பொதுமக்கள் எடுத்துக்கிட்டிருந்தாங்க. மனு, குறை, கையெழுத்து. அப்ப நான் எங்கே? இந்தக் கேள்வி என்னை உலுக்கிடுச்சு. அன்னைக்கு ஒரு முடிவெடுத்தேன். இந்த ஆண்டு முழுக்க நான் ஒருத்தரைக்கூடச் சந்திக்கல. என் அறைக் கதவைச் சாத்தினேன். உள்ளே என்னை நானே சந்திச்சேன். சொன்னா நம்ப மாட்டீங்க, நான் இல்லாம இந்த அலுவலகத்துல ஒரு வேலைகூட நிக்கல!"

கைதட்டினார்கள்.

"வேற யாரா இருந்தாலும், அப்ப நான் எதுக்குன்னு யோசிச்சிருப்பாங்க. நான் அப்படி யோசிக்கல. இதை எவ்வளவு நல்லா அமைச்சிருக்கேன்னு என்னை நானே பாராட்டிக்கிட்டேன்."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த பஸ் டிரைவர் கைதட்டலுக்கு விழித்துக்கொண்டு அவரும் தட்டினார்.

அதன்பிறகு சிவப்பு அட்டைகளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் ஆண்டு முழுக்கச் செய்தித்தாள் படிப்பதை விட்டுவிட்டாராம். அதனால் கவலையே இல்லையாம். ஒரு பல் டாக்டர் அடுத்தவர் வலியைத் தன் வலியாக நினைப்பதை நிறுத்திவிட்டாராம். அவருக்கும் கைதட்டல்.

"அடுத்து, சலவைக்கூடத்துல வேலை செய்யற ஒரு தாய்." அவர் கண்ணைத் திறந்தார். "'ஆறாம் மாதம் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன்.' அவ்வளவுதான். ஒரே வரி. மீதிக் கோடெல்லாம் காலி. எவ்வளவு துணிவு பாருங்க! பழகிப்போச்சுங்கற ஒரே காரணத்துக்காக நாம எத்தனை சுமையைத் தூக்கிக்கிட்டு அலையறோம்? பள்ளிக்கூடம், பாடம், பரீட்சை... இந்தத் தாய் நின்னு யோசிச்சாங்க. இது இப்ப நமக்குத் தேவையா? தேவையில்ல. விட்டுட்டாங்க!"

கைதட்டல் அடங்கும் முன்பே அம்மா எழுந்துவிட்டாள்.

"சார், அது அப்படி இல்ல சார்."

யாரோ ஓடிவந்து அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவளுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. பாட்டில் மாதிரி பிடித்துக்கொண்டாள்.

"அது தப்பு சார். தப்புன்னுதான் மடிச்சு வெச்சேன். திரும்பச் சரிபண்ணணும்னு."

இயக்குநருக்குக் கோபமே வரவில்லை. குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தப்புன்னு ஒண்ணு கிடையாதும்மா. படிப்பினைதான் உண்டு. நீங்களே உங்களைத் திட்டிக்கறது எனக்கு வருத்தமா இருக்கு. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரைப் பாத்துக்க ஆள் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்க. இவதான்."

"அவர் முதுகுல புண் வந்துச்சா?"

"வரலீங்க."

"அதை நீங்களே வெற்றின்னு எழுதியிருக்கீங்க. ரெண்டாம் பக்கம். உங்க வார்த்தைதானே?"

"ஆமாங்க, ஆனா..."

"அப்ப பலன் தந்துச்சா, இல்லையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். தந்தது என்றால் என் படிப்பு போயிற்று. இல்லை என்றால் அப்பாவுக்குப் புண் வந்திருக்க வேண்டும்.

"தந்துச்சுங்க" என்றாள்.

இயக்குநர் எல்லோர் முன்னாலும் முத்திரையை மையில் அழுத்தி, பதினேழாம் பக்கத்தில் குத்தினார். 'பலன் தந்தது, தொடர்க.' அதையே சான்றாக அம்மாவின் கையில் கொடுத்தார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீதானா அந்தப் பொண்ணு? குடுத்து வெச்சவ."

வீட்டுக்கு வந்ததும், அன்றும் அப்பாவோடு இருந்த கஞ்சி அக்கா சான்றை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். "என்னடி இது? விரிப்புல 'ஆஸ்பத்திரி சொத்து'ன்னு அடிப்பாங்களே, அந்த மாதிரி உன்னை அடிச்சுக் குடுத்திருக்காங்க" என்றாள். யாரும் சிரிக்காததால் எழுந்துபோய் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தாள்.

சான்றின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை நான் படித்துச் சொன்னேன். திட்டத்துக்கு மாறாக வாழ்வது தெரியவந்தால் மீறல் அறிக்கை வேலை கொடுத்தவருக்கு அனுப்பப்படும். அவர் தம் முடிவை மறுபரிசீலனை செய்யலாம்.

மூன்றாம் தேதி அம்மா மாற்றித் தரச் சொல்லி அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் காவலாளி மட்டும் இருந்தார். "பன்னெண்டாம் மாசம் வாங்கம்மா. வருஷமே இப்பதான் பொறந்திருக்கு. அதுக்குள்ள என்னத்தைத் திரும்பிப் பாக்கறது?" என்றாராம்.

நான்காம் தேதி அவளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. ஐந்தாம் தேதியிலிருந்து காலை ஷிப்ட். ஒன்பது வருடமாக அவள் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஒரு மணிக்கு வீட்டுக்கு வருவாள். நானும் அவளும் அப்பாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்போம். வீட்டில் இப்போது ஒரு ஆள் அதிகம். அந்த ஆள் நான்தான். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று தேதி போனது. பள்ளியைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

பத்தாம் தேதி அம்மா வந்ததும் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். "தலையை வாருடி" என்றாள்.

"எங்கம்மா?"

"வாருன்னா வாரு." அப்பாவிடம், "அரை மணியில வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டு வெளியே பூட்டினாள்.

தலைமை ஆசிரியை நல்லவர். யார் எதைக் கேட்டாலும் சரி என்பார். கல்யாணத்துக்குப் பெஞ்சு கேட்டால் கொடுப்பார். மழை பெய்தால் தெருவில் போகிறவர்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். திரும்பிப் பார்க்கிற அலுவலகம் அதுதான் அவருடைய குறை என்று கண்டுபிடித்திருந்தது. அவருக்குக் கொடுத்த சொல் 'மறுப்பு'. இதை அவரே எங்களிடம் சொன்னார். சொல்லும்போது கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க சான்றுல 'தொடர்க'ன்னு இருக்கேம்மா."

"இருக்குங்க."

"நான் சேத்துக்கிட்டா உங்க வேலைக்கு ஆபத்து."

"அது என் பாடு டீச்சர். நீங்க சேத்துக்குங்க."

தலைமை ஆசிரியை மூச்சை இழுத்து நிறுத்தினார். என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்.

"முடியாது."

கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சரியாச் சொன்னேனாம்மா? குரல் நடுங்கிச்சா?"

"நடுங்கல டீச்சர். நல்லாத்தான் சொன்னீங்க" என்றாள் அம்மா. கேட்டால் அவளுக்குச் சொல்லாமல் இருக்க வராது.

தலைமை ஆசிரியையின் முகம் தெளிந்தது. இழுப்பறையைத் திறந்து, நீளமான ஒரு ஏட்டை எடுத்து எங்கள் முன்னால் விரித்தார். மறுப்புப் பதிவேடு. முதல் பக்கம் வெள்ளையாக இருந்தது. "வாரத்துக்கு ஒண்ணாவது காட்டணுமாம். பத்து நாளா ஒண்ணுகூட வரல. பயந்துக்கிட்டே இருந்தேன். இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. 'மறுக்கப்பட்டவர் அல்லது குடும்பத்தார்'னு இருக்கு பாருங்க, அங்க. நீங்க போட்டாத்தான் நான் சொன்னது செல்லும்."

அம்மா பேனாவை வாங்கினாள். ஒன்பது வருடத்தில் அவள் முன்னால் வைத்த எந்தக் காகிதத்திலும் அவள் கையெழுத்துப் போடாமல் இருந்ததில்லை. பேனா முள்ளைக் கோட்டில் வைத்தாள். ஒரு புள்ளி விழுந்தது. அங்கேயே நிறுத்தினாள். பிறகு பேனாவை மூடி ஏட்டின் மேல் வைத்தாள்.

"போட மாட்டேன் டீச்சர்."

"ஐயோ, போடலைன்னா செல்லாதேம்மா."

"செல்ல வேண்டாம்."

மதிய வகுப்புக்கு மணி அடித்தது. அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "உள்ள போய் உட்காரு."

"அம்மா, அப்பா..."

"போடி."

நான் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆசிரியை பெயர்களைக் கூப்பிட்டார். என் பெயர் இல்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தலைமை ஆசிரியையின் அறைப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து ஒரு உத்தரவும் வரவில்லை. கரும்பலகைக்குத் திரும்பிக் கணக்கு எழுதினார்.

சன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தலைமை ஆசிரியை பதிவேட்டை விரித்துப் பிடித்தபடி நின்றார். அம்மா அங்கிருந்து நகர்ந்தால் பதிவேடு என் பெஞ்சுக்கு வரும். குடும்பத்தார் என்றால் நானும்தான். கேட்டால் நான் போட்டுவிடுவேன். அது அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

இரண்டரை ஆயிற்று. பிறகு மூன்று. அப்பாவைத் திருப்ப வேண்டிய நேரம். பூட்டிய வீட்டில் அவர் சுவரைப் பார்த்து ஒரே பக்கமாகப் படுத்திருப்பார். அம்மா ஒரு காலிலிருந்து மற்ற காலுக்கு மாறி நின்றாள். வகுப்பு முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

கரும்பலகையில் இருந்த கணக்கு எனக்குப் புரியவில்லை. ஆறு மாதத்துப் பாடம் போயிருந்தது. ஆசிரியை அதை அழித்துவிட்டு அடுத்ததை எழுதினார். பக்கத்துப் பெண்ணிடம் ஒரு தாள் வாங்கி, அதை எழுதிக்கொண்டேன்.